மார்மன் சபையில் பால்புதுமையினருக்கு அமைதியாகத் துணை நிற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைப் பற்றியது. ஊரறிந்த பெயர் மார்மன் சபை. 2018 அக்டோபரில் அன்றைய தலைவர் ரஸ்ஸல் நெல்சன், அந்தப் பட்டப்பெயரை விட்டுவிட்டு முழுப்பெயரையே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். தமிழில் படிப்பவர்களுக்கு அடையாளம் தெரிய வேண்டுமே என்றுதான் பழைய பெயரையும் இங்கே வைத்திருக்கிறேன். அந்தச் சபையில் பால்புதுமையினர், அதாவது கே, லெஸ்பியன், இருபாலீர்ப்பு, திருநர் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். கொடி பிடிக்காமல், யாரோடும் சண்டைக்கு நிற்காமல், வாராவாரம் அவர்கள் பக்கத்தில் இருக்க நினைப்பவர்களுக்கு வரும் கேள்விகள் இவை.

எல்லாரும் ஒரே கூரையின் கீழ்தானே உட்கார்ந்திருக்கிறார்கள். தனியாக ஆதரவு காட்ட என்ன தேவை?

வார்டு என்பது என்னவென்று தெரிந்தால் இது புரியும். மார்மன் சபையில் உள்ளூர்ச் சபைக்கு வார்டு என்று பெயர். நீங்கள் எந்த வார்டு என்பதை உங்கள் வீட்டு முகவரி முடிவு செய்கிறது. இந்தப் போதகர் பிடிக்கவில்லை, அடுத்த தெரு சர்ச்சுக்குப் போகிறேன் என்பது இங்கே வழக்கமில்லை. வார்டை நடத்தும் பிஷப் சம்பளம் வாங்குகிறவர் அல்ல. பல் மருத்துவராகவோ கணக்காளராகவோ வேலை பார்த்துக்கொண்டு, ஏறக்குறைய ஐந்து வருடம் அந்தப் பொறுப்பைச் சுமப்பார். அப்புறம் வேறொருவர் வருவார். பிரசங்கத்தையும் உறுப்பினர்களே முறைவைத்துச் செய்கிறார்கள்.

அமெரிக்காவில் இந்தச் சபையின் மையமான யூட்டா மாநிலத்தின் புரோவோ, ஓரெம் மாதிரி ஊர்களில் ஒரு வார்டு சில தெருக்களுக்குள் முடிந்துவிடும். ஞாயிறன்று முன்வரிசையில் இருப்பவர்தான் திங்களன்று பள்ளியில் உங்கள் பிள்ளையின் ஆசிரியர். சபையை இழப்பது என்றால் தெருவையே இழப்பது. அந்த நிலையில் 15 வயதுப் பையன் ஒருவன், தான் கே என்று தெரிந்துகொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான் என்று வையுங்கள். சுற்றிலும் 200 முகங்கள். எல்லாரும் சிரிக்கிறார்கள், எல்லாரும் கைகுலுக்குகிறார்கள். உண்மை தெரிந்த பிறகும் யார் கைகுலுக்குவார் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. ஆதரவை வெளியே தெரிகிற மாதிரி காட்ட வேண்டியிருப்பது அவனுக்காகத்தான்.

சபையின் போதனை என்ன சொல்கிறது?

தன்பாலீர்ப்பு இருப்பது பாவம் அல்ல, அதன்படி உடலுறவு கொள்வது பாவம் என்கிறது. ஆண் பெண் திருமணத்துக்கு வெளியே எந்த உறவுக்கும் இடமில்லை. அந்த வரம்புக்குள் தனியாக வாழும் கே உறுப்பினர் ஊழியப் பொறுப்பு வகிக்கலாம், ஆலயத்துக்குள் போகலாம் (ஆலயம் என்பது ஞாயிறு ஆராதனை நடக்கும் கட்டடம் அல்ல, அனுமதிச் சீட்டு உள்ளவர்களுக்கு மட்டுமான தனிப் புனித இடம்). ஒருபாலினத் திருமணம் செய்துகொண்டால் அது பெரிய மீறல்.

மற்றச் சில சபைகளும் இதைச் சொல்கின்றனவே என்று தோன்றலாம். ஆனால் மார்மன் நம்பிக்கையில் குடும்பம் மரணத்தோடு முடிவதில்லை. ஆலயத்தில் ‘முத்திரையிடப்பட்ட’ கணவனும் மனைவியும் நித்தியத்துக்கும் சேர்ந்திருப்பார்கள். பரலோகத்தின் உச்ச நிலைக்கு அந்தத் திருமணமே வாசல். 1995 செப்டம்பரில் வெளிவந்த குடும்பம் பற்றிய பிரகடனம் பல வீடுகளில் ஃபிரேம் போட்டுச் சுவரில் தொங்குகிறது. ஆக, கல்யாணம் செய்துகொள்ள முடியாத பிள்ளைக்கு இந்த வாழ்க்கையில் துணை இல்லை என்பதோடு நிற்பதில்லை. அம்மா அப்பா அண்ணன் தங்கை எல்லாரும் இருக்கப்போகும் வீட்டில் தனக்கு அறை இல்லை என்று அந்தப் பிள்ளை நினைக்கிறது.

இதற்கு ஆறுதலாக, “மறுமையில் எல்லாம் சரியாகிவிடும்” என்று நல்ல மனத்தோடு சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து சொல்லாதீர்கள். வாழ்வே பாரமாகிவிட்ட ஓர் இளைஞனின் காதில் அந்த வாக்கியம் எப்படி விழும் என்று யோசியுங்கள். செத்தால் சரியாகிவிடும் என்றுதான் விழும்.

அவர்கள் ஏன் இவ்வளவு எச்சரிக்கையாக இருக்கிறார்கள்? நாங்கள் அன்பாகத்தானே இருக்கிறோம்?

பட்ட அடி அப்படி. 1970களில் சபையின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் கே மாணவர்களை ‘மாற்ற’ மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பெண்ணைக் கட்டிவைத்தால் சரியாகிவிடும் என்ற அறிவுரையும் நெடுங்காலம் புழங்கியது. திருமணத்தைச் சிகிச்சையாக நினைக்காதீர்கள் என்று கார்டன் ஹிங்க்லி பொது மாநாட்டில் சொன்னது 1987இல்தான். அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் உடைந்திருந்தன. அந்தப் பெண்களின் கதையும் இதில் சேர்ந்ததுதான்.

2008இல் கலிஃபோர்னியாவில் ஒருபாலினத் திருமணத்தைத் தடைசெய்யும் 8ஆம் முன்மொழிவுக்கு நேரமும் பணமும் தாருங்கள் என்ற கடிதம் அங்குள்ள வார்டுகளில் வாசிக்கப்பட்டது. நன்கொடைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்த சகோதரரிடம், உள்ளறையில் கே மகன் இருந்த பெற்றோர் என்ன சொல்லியிருப்பார்கள்?

2015 நவம்பர் 5 வந்தது. ஒருபாலினத் திருமணம் செய்தவர்கள் விசுவாசத் துரோகிகள், அவர்களுடைய பிள்ளைகளுக்கு 18 வயது வரை ஞானஸ்நானம் இல்லை என்று தலைவர்களுக்கான கையேட்டில் சேர்க்கப்பட்ட விதி வெளியே தெரிந்தது. பொதுவாக மார்மன் பிள்ளைகள் எட்டு வயதில் ஞானஸ்நானம் பெறுவார்கள். நண்பர்களெல்லாம் வெள்ளை உடுத்தித் தண்ணீரில் இறங்கும்போது ஒரு குழந்தை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சில நாட்களிலேயே நூற்றுக்கணக்கானோர் சால்ட் லேக் சிட்டியில் கூடி உறுப்பினர் பதவியை விட்டு விலகும் கடிதங்களில் கையெழுத்திட்டார்கள். 2019 ஏப்ரலில் அந்த விதி விலக்கப்பட்டது. ஆனால் அது இருந்த மூன்றரை வருடத்தில் எட்டு வயதைக் கடந்த குழந்தைகள் கடந்தவர்கள்தான்.

இதெல்லாம் நடந்த இடத்தில் “நாங்கள் அன்பாகத்தானே இருக்கிறோம்” என்று சொன்னவுடன் நம்பிக்கை வந்துவிடாது. நாளாகும்.

அமைதியான ஆதரவு என்று எதைச் சொல்கிறீர்கள்?

மார்மன் ஆராதனையில் ஆண்களுக்கு வெள்ளைச் சட்டையும் டையும், பெண்களுக்குப் பாவாடையோ நீள உடையோ என்பது எழுதாத சட்டம். எல்லாரும் ஒரே மாதிரி உடுத்தும் இடத்தில் சின்ன வித்தியாசமும் பேசும். 2012 டிசம்பர் 16 அன்று, சபையில் பெண்களுக்குச் சம மதிப்பு வேண்டும் என்று காட்டுவதற்காகப் பல வார்டுகளில் பெண்கள் பேன்ட் அணிந்து வந்தார்கள். வெளியில் இருப்பவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. உள்ளே அது பெரிய விஷயமாகி, ஏற்பாடு செய்தவர்களுக்கு மிரட்டல்கூட வந்தது.

அதே வருடம் ஜூன் மாதம் சால்ட் லேக் சிட்டியின் பிரைடு ஊர்வலத்தில் 300க்கும் மேற்பட்ட மார்மன்கள் ஞாயிற்றுக்கிழமை உடையில், குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். ‘மார்மன்ஸ் பில்டிங் பிரிட்ஜஸ்’ என்ற குழு அப்படித்தான் தொடங்கியது. ஓரத்தில் நின்று பார்த்த பலர் அழுதார்கள். தங்களை வளர்த்த ஆட்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை உடையிலேயே தங்களைத் தேடி வந்தது அவர்களுக்குப் பெரிதாக இருந்தது.

ஊர்வலம் வருடத்துக்கு ஒரு நாள். மற்ற ஞாயிறுகளுக்குத்தான் டையில் குத்தும் சின்ன வானவில் பின், வேதப் புத்தகப் பையில் கட்டும் நாடா, கைக்கடிகாரத்தின் வண்ணப் பட்டை எல்லாம். பக்கத்தில் போய் உட்கார்வது, சாப்பிடக் கூப்பிடுவது, வகுப்பில் ஒரு வார்த்தை சொல்வது, சொல்லக்கூடாததைச் சொல்லாமல் இருப்பது இவையும் அந்த வரிசைதான்.

பின் குத்திக்கொண்டால் போதுமா?

போதாது. அதை முதலில் ஒரு வாக்காக எடுத்துக்கொள்ளுங்கள். “என்னிடம் வரலாம்” என்று எழுதித் தொங்கவிட்டுவிட்டீர்கள். யாராவது வந்தால் உட்கார்ந்து கேட்க நேரமும் மனமும் இருக்க வேண்டும். பின்னைப் பார்த்து ஒரு சிறுமி உங்கள் பக்கத்தில் வந்து நிற்கிறாள், நீங்கள் பானகப் பாத்திரத்தைக் கழுவும் அவசரத்தில் தலையாட்டிவிட்டுப் போகிறீர்கள் என்றால், பின் இல்லாமலே வந்திருக்கலாம்.

இன்னொன்று, அதை ஒரே ஒரு ஞாயிறு குத்திவிட்டு நிறுத்திவிடாதீர்கள். பயந்தவர்கள் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாராவது ஏதாவது சொன்ன மறுவாரமே அது காணாமல் போனால், அதையும் பார்த்துவிடுவார்கள்.

யாராவது “இது என்ன?” என்று கேட்டால் நீண்ட விளக்கம் வேண்டாம். “நம் வார்டில் யாரும் தனியாக உட்கார வேண்டாம் என்று குத்தியிருக்கிறேன்” என்றால் போதும். அதோடு வாதம் செய்ய வருபவர் குறைவு.

ஆராதனை நேரத்தில் நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

உண்டு. சாக்ரமென்ட் கூட்டத்தில் ரொட்டியும் தண்ணீரும் தட்டில் வைத்து வரிசை வரிசையாகக் கைமாறி வரும். ஒழுங்கு நடவடிக்கையில் இருப்பவர் அதை எடுக்கக்கூடாது. தட்டு அவர் கையைத் தாண்டிப் போவது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும். சிலர் மனச்சாட்சிப்படி தாங்களாகவே எடுக்காமல் விடுகிறார்கள். யார் எடுத்தார், யார் எடுக்கவில்லை என்று பார்க்காதீர்கள், வீட்டுக்குப் போய்ப் பேசாதீர்கள். தட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு அதே தோளோடு தோளாக உட்கார்ந்திருங்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு உபவாச ஞாயிறு. அன்று யார் வேண்டுமானாலும் எழுந்து வந்து சாட்சி சொல்லலாம். 2017 மே மாதம் யூட்டாவின் ஈகிள் மவுண்டன் ஊரில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி அப்படி எழுந்து, தான் லெஸ்பியன் என்றும், தன்னைக் கடவுள் தவறாகப் படைக்கவில்லை என்றும் சொல்லத் தொடங்கினாள். பாதியில் மைக்கை நிறுத்தி, போய் உட்காரச் சொல்லிவிட்டார்கள். காணொளி உலகம் முழுக்கப் பரவியது. மைக்கை நிறுத்தியது சரியா என்று பெரிய விவாதம் நடந்தது. எனக்கு அந்தக் குழந்தை மேடையிலிருந்து பெஞ்சுக்கு நடந்துவந்த தூரம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. அப்படி ஒரு நிமிடம் உங்கள் வார்டில் வந்தால் பேச்சு ஏதும் வேண்டாம். எழுந்து போய், வரும் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். அறை முழுவதும் அதைப் பார்க்கும், அந்தப் பிள்ளையும் பார்க்கும்.

வகுப்பில் ஒருவர் புண்படும்படி பேசுகிறார். என்ன சொல்வது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். 2019 ஜனவரியில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மூன்று மணியிலிருந்து இரண்டு மணி நேரமானது. இரண்டாவது மணியில் ஞாயிறு பள்ளி, ஆண்களின் மூப்பர் குழு, பெண்களின் ரிலீஃப் சொசைட்டி வகுப்புகள் நடக்கும். யாரும் கை தூக்கிப் பேசலாம். குடும்பம் பற்றிப் பாடம் வரும் நாளில், உலகம் கெட்டுவிட்டது என்று தொடங்கி ‘அந்த மாதிரி ஆட்கள்’ வரை ஒருவர் கொண்டுபோய் நிறுத்துவார்.

அவரைத் தோற்கடிக்கப் பார்க்காதீர்கள். சபையின் போதனை தவறு என்று அங்கே வாதாடினால் அறை முழுவதும் அவர் பக்கம் சாய்ந்துவிடும். நீங்கள் காப்பாற்ற நினைத்தவர் இன்னும் குறுகி உட்காருவார். கை தூக்கி, குரலை உயர்த்தாமல் இப்படிச் சொல்லலாம்: “சகோதரரே, நீங்கள் குடும்பத்தின் மேல் உள்ள அக்கறையில் பேசுகிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் நீங்கள் சொல்லும் ஆட்கள் இந்த அறையிலேயே இருக்கலாம். நம் பிள்ளைகளாக இருக்கலாம். அவர்கள் காதுபடப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு பேசுவோமே.”

அவ்வளவுதான். பிறகு உட்கார்ந்துவிடுங்கள். அவர் மனம் மாறாமல் போகலாம். கேட்க வேண்டியவர் கேட்டுவிட்டார். வகுப்பு முடிந்து ஒருவர் உங்களிடம் வந்து, கண்ணைப் பார்க்காமல், “நல்லாச் சொன்னீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். ஏன் என்று துருவாதீர்கள். தானாக வருவார்.

ஒன்றை மறக்காதீர்கள். உதாரணம் காட்டுகிறேன் என்று, உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒருவரின் விஷயத்தை வகுப்பில் அவிழ்த்துவிடாதீர்கள். பெயர் சொல்லாவிட்டாலும் வார்டில் எல்லாருக்கும் புரிந்துவிடும்.

ஒருவர் வந்து “நான் கே” என்று சொல்லிவிட்டார். இப்போது?

முதல் வாக்கியம் “என்னிடம் சொன்னதற்கு நன்றி” என்பதாக இருக்கட்டும். அடுத்தது “வேறு யாருக்குத் தெரியும்?” என்பது. எவ்வளவு பேருக்கு முன் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். வேத வசனமும் கோட்பாடும் வேண்டாம், அவருக்கு அதெல்லாம் உங்களைவிட நன்றாகத் தெரியும். பல இரவுகள் முழங்காலில் இருந்து, இதை எடுத்துவிடு என்று கேட்டவராகத்தான் பெரும்பாலும் இருப்பார்.

உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அமெரிக்காவில் 988 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். தனியாக விடாதீர்கள்.

பிஷப்பிடம் சொல்ல வேண்டாமா? அவர்தானே வழிகாட்ட வேண்டும்?

நீங்கள் சொல்லக்கூடாது. உங்களிடம் சொன்னவர் விரும்பினால் அவரே சொல்லட்டும். பிஷப் நல்ல நண்பராக இருக்கலாம், ஆனால் அதே நாற்காலியில் உட்கார்ந்து உறுப்பினர் மன்றத்தைக் கூட்டும் அதிகாரமும் அவருக்கு உண்டு. 2020 வரை அதற்கு ஒழுங்கு நடவடிக்கை மன்றம் என்று பெயர். ஆலய அனுமதிச் சீட்டு, ஊழியப் பொறுப்பு, உறுப்பினர் நிலை எல்லாம் அங்கே பறிபோகலாம்.

மாணவராக இருந்தால் இன்னும் கவனம் தேவை. பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் படிப்பைத் தொடர வருடா வருடம் சபைத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். ஒரு வார்த்தை கசிந்தால் பட்டமே சிக்கலில் மாட்டும். 2020 பிப்ரவரியில் பல்கலையின் நன்னடத்தை விதிகளிலிருந்து ஒருபாலினத்தவர் பற்றிய பகுதி நீக்கப்பட்டது. இனி கைகோத்து நடக்கலாம் என்று நம்பிப் பலர் தங்களை வெளிப்படுத்திக்கொண்டார்கள். மார்ச் 4 அன்று, அப்படியல்ல, காதல் நடத்தைக்கு இடமில்லை என்று கடிதம் வந்தது. வெளியே சொல்லிவிட்டவர்கள் திரும்பவும் உள்ளே போக முடியாது அல்லவா?

சரியாக ஒரு வருடம் கழித்து, 2021 மார்ச் 4 இரவு, புரோவோ மலைச்சரிவில் இருக்கும் பெரிய வெள்ளை ‘ஒய்’ எழுத்தின் மேல் மாணவர்கள் ஏறி வண்ண விளக்குகளைப் பிடித்தார்கள். கீழே ஊரே பார்க்க அந்த எழுத்து வானவில்லாக நின்றது. பல்கலை, இதற்கு நாங்கள் அனுமதி தரவில்லை என்றது. அப்படி ஓர் இரவில் விடுதி ஜன்னல் வழியே பார்த்த, இன்னும் யாரிடமும் சொல்லாத ஒரு மாணவனுக்காகத்தான் இந்தப் பக்கமே.

ஆதரவு காட்டினால் என் ஆலய அனுமதிச் சீட்டு பறிபோகுமா?

பின் குத்துவதாலோ, ஒருவரோடு உட்கார்வதாலோ, வீட்டுக்குக் கூப்பிடுவதாலோ போகாது. அனுமதிச் சீட்டுக்கான நேர்காணலில், சபைக்கு மாறான போதனைகளை ஆதரிக்கிறீர்களா, பரப்புகிறீர்களா என்று ஒரு கேள்வி உண்டு. மனிதர்கள் மேல் அன்பாக இருப்பது அதில் வராது. ஒருபாலினத் திருமணத்தை ஆதரித்துச் சமூக வலைத்தளத்தில் எழுதுவதாலேயே ஒருவர் உறுப்பினர் நிலையை இழக்கமாட்டார், சபையைத் தாக்கும் முயற்சியில் இறங்கினால் அது வேறு என்று சபையின் உயர்தலைவர்களில் ஒருவரான அப்போஸ்தலர் டாட் கிறிஸ்டோஃபர்சன் 2015இல் சொல்லியிருக்கிறார்.

ஆனால் உள்ளூர்த் தலைவர் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்து அனுபவம் மாறும். எந்த பிஷப் வாய்ப்பார் என்பது சூதாட்டச் சக்கரம் மாதிரி என்பதால், உறுப்பினர்களே இதை ‘பிஷப் ரூலெட்’ என்பார்கள். 2021இல் கான்சாஸில் ஒரு பாலியல் நல ஆலோசகரின் உறுப்பினர் நிலை நீக்கப்பட்டது, ஒருபாலினத் திருமணத்தை வெளிப்படையாக ஆதரித்ததும் அவர்மேல் வைக்கப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆகவே உங்கள் பிஷப்பைத் தெரிந்து நடந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் உங்களுக்கு வரக்கூடிய சிரமம் ஒரு நேர்காணல். அவர்களுக்கு வருவது அதைவிடப் பல மடங்கு என்பதும் மனத்தில் இருக்கட்டும்.

என் சொந்த மகளே சொல்லிவிட்டாள். சபையா, மகளா என்று தவிக்கிறேன்.

அப்படி ஒரு தேர்வை உங்கள் முன்னால் யாரும் வைக்கவில்லை, பயம்தான் வைக்கிறது. 2009இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கெய்ட்லின் ரையன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, குடும்பம் கடுமையாக ஒதுக்கிய கே, லெஸ்பியன், இருபாலீர்ப்பு இளையோர், ஒதுக்கப்படாத அல்லது குறைவாகவே ஒதுக்கப்பட்டவர்களைவிட 8.4 மடங்கு அதிகமாகத் தற்கொலைக்கு முயன்றிருந்ததைக் கண்டது. அதே குழு 2012இல் மார்மன் குடும்பங்களுக்கென்றே ஒரு கையேடும் கொண்டுவந்தது. நம்பிக்கையை விட்டால்தான் பிள்ளையைக் காப்பாற்ற முடியும் என்று அது சொல்லவில்லை. திட்டாதீர்கள், நண்பர்களிடமிருந்து பிரிக்காதீர்கள், குடும்ப விசேஷங்களில் விட்டுவிடாதீர்கள், மற்றவர்கள் இழிவாகப் பேசினால் பிள்ளைக்காகப் பேசுங்கள் என்கிறது. கோட்பாட்டில் ஒரு எழுத்தையும் மாற்றாமல் இன்று மாலையே செய்யக்கூடியவை.

பாலீர்ப்பை மாற்றும் சிகிச்சை என்று யாராவது சொன்னால் கதவைச் சாத்துங்கள். யூட்டாவே 2020 ஜனவரியில் சிறுவர்களுக்கு அதைத் தடைசெய்துவிட்டது.

வார்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று. அந்த அம்மாவும் தனியாகத்தான் இருக்கிறார். மகன் மிஷனரியாகப் போனால் எல்லாரும் விசாரிப்பார்கள். மகள் தன் தோழியோடு வீடு எடுத்துப் போனால் பேச்சு நின்றுவிடும். “மகள் எப்படி இருக்கிறாள், அவள் தோழி நலமா?” என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இப்படி நடந்துகொண்ட வார்டு எங்கேயாவது உண்டா?

கனெக்டிகட் மாநிலத்தின் நியூ கேனன் வார்டு. மேலே சொன்ன டாட் கிறிஸ்டோஃபர்சனின் தம்பி டாம் ஒரு கே. 1980களில், தன்னை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கிவிடும்படி தானே கேட்டு வெளியே போனவர். வீட்டில் பெற்றோர் அவரையும் அவர் துணைவரையும் விடவில்லை. அவர்களை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதைப் பார்த்துத்தான், என்ன செய்தாலும் இந்த வீட்டின் அன்புக்கு வெளியே போக முடியாது என்று பேரப்பிள்ளைகள் தெரிந்துகொள்வார்கள் என்று அம்மா சொன்னதாக டாம் எழுதியிருக்கிறார். பல ஆண்டுகள் கழித்து அவரும் துணைவரும் நியூ கேனன் வார்டுக்குப் போகத் தொடங்கியபோது, அங்கே யாரும் அவர்களைத் திருத்த முயலவில்லை. பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

2014இல் டாம் மறுபடி ஞானஸ்நானம் பெற்றார், அதற்கு முன்பே அந்த உறவு முடிந்திருந்தது. அதனால் இந்தக் கதையை, “பார்த்தாயா, அன்பு காட்டினால் திரும்பி வந்துவிடுவார்கள்” என்று சொல்பவர்கள் உண்டு. அப்படிச் சொல்லும்போது கேட்டுக்கொண்டிருக்கும் கே உறுப்பினருக்கு, உன் காதலைக் கைவிடு என்றே கேட்கும். நான் அந்தக் கதையின் நடுப்பகுதியைத்தான் எடுத்துக்கொள்கிறேன். டாம் திரும்பி வருவார் என்று தெரியாத காலத்தில் அந்த வார்டு அவர்களை உட்கார வைத்ததே, அந்தப் பகுதியை.

திருநர் உறுப்பினர்களுக்கு?

அவர்களுக்கு நிலைமை இறுக்கமாகிக்கொண்டே வருகிறது. 2024 ஆகஸ்டில் வந்த வழிகாட்டுதல்கள்படி, பாலினத்தை மாற்றிக்கொண்டவர்கள் குழந்தைகளோடோ இளையோரோடோ ஊழியம் செய்ய முடியாது. கழிவறை விஷயத்திலும் தனிக் கழிவறை அல்லது ஆள் காவல் என்று கட்டுப்பாடு. வயது வந்த ஒருவர், தான் வளர்ந்த சபையில் கழிவறை வாசலில் ஆள் காவலோடு நிற்க வேண்டியிருக்கிறது.

உங்களால் முடிந்தது: அவர் சொல்லும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். தவறினால் “மன்னிக்கணும்” என்று சொல்லிச் சரியாகச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள், அதையே பெரிதாக்காதீர்கள். கூட்டம் முடிந்து அவரோடு நடந்து வெளியே வாருங்கள்.

எல்லாம் சரி, அமைதியாக இருப்பது கோழைத்தனம் இல்லையா? விதிதானே மாற வேண்டும்?

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். மார்மன் பால்புதுமையினருக்கான ‘அஃபர்மேஷன்’ போன்ற அமைப்புகள் 1977இலிருந்து வெளிப்படையாகப் பேசி வந்திருக்காவிட்டால், இன்று நாம் அமைதியாகப் பேசக்கூட வார்த்தை இருந்திருக்காது. 2015இல் யூட்டா சட்டமன்றம் வேலையிலும் வீட்டு வாடகையிலும் பாகுபாட்டைத் தடைசெய்தபோது சபையே அந்தச் சட்டத்தை ஆதரித்தது. அதுவும் பலர் வருடக்கணக்கில் சத்தமாகக் கேட்டதால் வந்ததுதான். சத்தமாகப் பேச முடிந்தவர்கள் பேசட்டும்.

ஆனால் விதி மாறும் வரை அந்த 15 வயதுப் பையன் ஒவ்வொரு ஞாயிறும் அந்த பெஞ்சுக்கு வந்துகொண்டிருக்கிறான். அவனை யார் அழைத்து வந்து உட்கார வைப்பது? உள்ளே இருப்பவர்தான் முடியும். அமைதி எப்போது தப்பாகிறது என்றால், ஒருவர் அவமானப்படும்போது நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தால். அந்த நேரத்தில் வாய் திறக்காதவருக்கு அமைதியான ஆதரவாளர் என்ற பெயர் பொருந்தாது.

அவர்களுடைய கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் போகலாமா?

போங்கள். பரிசோடு போங்கள், புகைப்படத்தில் நில்லுங்கள்.

தமிழ் பேசும் உறுப்பினர்கள் இதில் எங்கே வருகிறார்கள்?

சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இந்தச் சபை இருக்கிறது. வெள்ளைச் சட்டையும் பெயர்ப்பட்டையுமாக இருவர் இருவராக நடக்கும் மிஷனரிகளைச் சிலர் பார்த்திருப்பீர்கள். 2018 செப்டம்பர் 6 அன்று, ஒருபாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பிடி உச்ச நீதிமன்றத்தில் தளர்ந்தாலும் சபையின் கையேடு எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான். சின்னக் கூட்டங்களில் ஆளுக்கு ஆள் தெரியும் என்பதால் பின் குத்துவது அங்கே பொருந்தாமல் போகலாம். கல்யாணப் பேச்சு எடுக்காமல் இருப்பதே அங்கே பெரிய உதவி. முப்பது தாண்டிய சகோதரரிடம் வாராவாரம் “எப்ப கல்யாணச் சாப்பாடு?” என்று கேட்பதை நிறுத்தினாலே அவர் மூச்சு விடுவார்.

நான் பக்கத்தில் இருந்தும் அவர் வருவதை நிறுத்திவிட்டார். தோற்றுவிட்டேனா?

இல்லை. போனது அவர் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளவும் இருக்கலாம். சபைக்குத் திரும்ப வா என்று செய்தி அனுப்பாதீர்கள், வார்டிலிருந்து அவருக்கு ஏற்கெனவே நாலு அப்படிப் போயிருக்கும். உங்கள் செய்தியில் சபை இருக்க வேண்டாம். “வெள்ளிக்கிழமை ராத்திரி சூப் வைக்கிறேன், வர்றீங்களா? உங்களோடு யார் வந்தாலும் சந்தோஷம்” என்று எழுதுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த மாதமும் எழுதுங்கள்.